முடிவு எப்போதும் முடிவில் இருப்பதில்லை: ஒரு வாதத்தின் முதன்மை முடிவைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

வார இறுதிகளில் எங்கள் ஊர் நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருவது என் வழக்கம். ஐந்தாறு வரியில் ஒரு பத்தியைக் கொடுத்து, "இதை எழுதியவர் நம்மை எதை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்?" என்று கேட்பேன். முதல் வாரம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே கடைசி வாக்கியத்தில் விரலை வைப்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் நம் மொழியே அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதல் காரணம், அந்தச் சொல். கதையின் கடைசிக்கும் முடிவு என்கிறோம், வாதத்தின் மையக் கருத்துக்கும் முடிவு என்கிறோம். முடிவைக் காட்டு என்றால் கண் தானாகக் கடைசிக்குப் போகிறது. இரண்டாவது காரணம், வாக்கியம் அமையும் விதம். தமிழில் காரணம் முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். "மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்" என்பதுதான் நமக்கு இயல்பான வரிசை. ஆங்கிலத்தில் முடிவை முதலில் போட்டுவிட்டு, காரணத்தைப் பின்னால் சேர்ப்பது சர்வ சாதாரணம். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த ஒரு பிள்ளை அந்த ஆங்கிலப் பத்தியைத் தமிழ்க் காதோடு வாசிக்கும்போது, காரணத்தை முடிவு என்று எடுத்துக்கொள்கிறது.

சிசாட்டில் 80 கேள்விகள், 200 மதிப்பெண்கள், 2 மணி நேரம். 33 சதவீதம் எடுத்தால் போதும். ஆனால் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் தர்க்கத்துக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட்டில், 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு தர்க்கப் பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள். இந்த மூன்றுக்கும் இந்த வழிகாட்டி உதவும். தேர்வே எழுதாதவர்களுக்கும் உதவ வேண்டும் என்பது என் ஆசை. குடியிருப்புக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுகிறவர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்ளவும் இதே திறமைதான் வேண்டும்.

தொடங்கும் முன் சில சொற்கள்

ஒரு வாதத்தில் குறைந்தது இரண்டு கூற்றுகள் இருக்கும். ஒன்று தாங்கும், இன்னொன்று தாங்கப்படும். தாங்குவதை ஆதாரம் என்போம், தாங்கப்படுவதை முடிவு என்போம். சில முடிவுகள் தாங்களும் தாங்கப்பட்டு, தங்களுக்கு மேலே இன்னொன்றையும் தாங்கும். அவை இடைமுடிவுகள். எல்லாவற்றாலும் தாங்கப்பட்டு, தான் வேறு எதையும் தாங்காமல் உச்சியில் நிற்பதுதான் முதன்மை முடிவு.

இதெல்லாம் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே நெருப்பு இருக்கிறது என்று கட்டி முடிப்பது நிகமனம். நிறுவ வேண்டிய கருத்து முதலிலும் நிற்கிறது, கடைசியிலும் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். முடிவு வாதத்தின் தலையிலும் வரலாம், காலிலும் வரலாம் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். நம் நாளின் பத்திகளில் அது நடுவிலும் வந்து உட்காருகிறது, அதுதான் கூடுதல் சிரமம்.

படி 1: இது வாதம்தானா என்று பாருங்கள்

"2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரைக்குள் கடல் புகுந்தது, ஏனென்றால் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது." இதில் 'ஏனென்றால்' இருக்கிறது. ஆனால் இது வாதம் இல்லை. கடல் புகுந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை, அதை நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லோரும் அறிந்த ஒன்று எப்படி நடந்தது என்று இந்த வாக்கியம் விளக்குகிறது, அவ்வளவுதான்.

சோதனை எளிது. அந்தக் கூற்றை ஒருவர் நம்ப மறுக்கக்கூடுமா? மறுக்கக்கூடும் என்றால், எழுதியவர் அவரை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் காரணம் அடுக்குகிறார் என்று பொருள். அது வாதம். வெறும் தகவல், வெறும் விளக்கம், வெறும் வருணனை இவற்றில் முதன்மை முடிவைத் தேடி அலைய வேண்டாம்.

படி 2: கூற்று கூற்றாகப் பிரித்து எண் போடுங்கள்

தொடக்கத்தில் இதைக் கையால் எழுதியே செய்யுங்கள். ஒரு பத்தி:

(1) சூடான பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பதில் தவறில்லை என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். (2) தாள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது என்பது உண்மைதான். (3) ஆனாலும் வாழையிலையிலோ தட்டிலோ வைத்துக் கொடுப்பதுதான் சரி. (4) அச்சு மையில் உடம்புக்கு ஒவ்வாத வேதிப்பொருட்கள் இருக்கின்றன. (5) சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அவை எளிதில் பண்டத்துக்குள் இறங்கிவிடும்.

கடைசி வாக்கியம் ஆதாரம், அதற்கு முந்தியதும் ஆதாரம். முடிவு நடுவில் மூன்றாவதாக நிற்கிறது. (இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. ஆனால் அந்தத் தகவல் பத்திக்குள் இல்லாததால், முடிவைத் தேடும்போது அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பத்திக்கு வெளியே நமக்குத் தெரிந்ததைக் கொஞ்ச நேரம் மறந்திருப்பதும் ஒரு பழக்கம்.)

எண் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் ஒரு வாக்கியம் ஒரே கூற்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. "கரை உடைந்து கிடக்கும் ஏரியைத் தூர்வாருவது வீண் செலவு" என்ற சின்ன வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஏரியின் கரை உடைந்து கிடக்கிறது என்பது ஒன்று, அதைத் தூர்வாருவது வீண் என்பது இன்னொன்று. முதலாவது இரண்டாவதற்குக் காரணம். 'ஆகவே' இல்லை, 'ஏனெனில்' இல்லை, ஒரு பெயரெச்சம் மட்டும் அந்த வேலையைச் செய்துவிட்டது. தமிழ்த் தலையங்கங்களில் ஆதாரங்கள் இப்படி எச்சங்களுக்குள் ஒளிந்திருப்பது மிக அதிகம். பிரித்து எழுதினால்தான் வெளியே வரும்.

படி 3: அடையாளச் சொற்களைப் பாருங்கள், ஆனால் அவற்றிலேயே நின்றுவிடாதீர்கள்

ஆகவே, எனவே, ஆதலால், ஆக, இதிலிருந்து தெரிவது போன்றவை முடிவுக்கு முன்னால் வரும். ஏனெனில், காரணம், என்பதால், பார்க்கும்போது போன்றவை ஆதாரத்தோடு வரும். ஆனால், இருந்தாலும், உண்மையில் போன்றவை திருப்பத்தைக் காட்டும். என் அனுபவத்தில் இந்த மூன்றாம் வகைதான் அதிகம் உதவுகிறது. யாரோ சொன்னதை முதலில் வைத்துவிட்டு, 'ஆனால்' என்று திரும்புகிற இடத்தில்தான் பெரும்பாலும் எழுதியவரின் சொந்தக் குரல் தொடங்குகிறது.

ஆங்கிலப் பத்தியில் தேர்ஃபோர், தஸ், ஹென்ஸ் எல்லோருக்கும் தெரியும். தடுமாற வைப்பவை வேறு. 'சின்ஸ்' காலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். 'ஃபார்' வாக்கியத்தின் நடுவில் வந்தால் சில சமயம் 'ஏனெனில்' என்று பொருள். 'ஆஃப்டர் ஆல்' என்பதைப் பார்த்ததும் பல பிள்ளைகள் 'எல்லாவற்றுக்கும் பிறகு' என்று மொழிபெயர்த்து, முடிவு வந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஆதாரத்தைக் கொண்டுவரும் சொல். அதற்கு முந்தைய வாக்கியம்தான் பெரும்பாலும் முடிவாக இருக்கும்.

தமிழில் ஒரே ஒரு எழுத்து ஏமாற்றும் இடமும் உண்டு. 'பெய்ததால்' என்பது காரணம், 'பெய்தால்' என்பது நிபந்தனை. "மழை பெய்ததால் ஏரி நிரம்பியிருக்கும்" என்றால் மழை பெய்தது என்று எழுதியவர் பொறுப்பேற்கிறார். "மழை பெய்தால் ஏரி நிரம்பும்" என்றால் அவர் மழையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவசர வாசிப்பில் அந்த ஒரு 'த' கண்ணுக்குத் தப்பினால் வாதமே மாறிப்போகும்.

படி 4: இரண்டு கேள்விகள்

மற்றப் படிகளெல்லாம் மறந்துபோனாலும் இது நினைவில் இருந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஒவ்வொரு கூற்றையும் எடுத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று, "ஏன்?" இன்னொன்று, "அதனால் என்ன?"

"ஏன்?" என்று கேட்டதற்குப் பத்தியே பதில் சொன்னால், அந்தக் கூற்றுக்கு ஆதாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அது ஏதோ ஒரு வகை முடிவு. "அதனால் என்ன?" என்று கேட்டதற்குப் பத்தி பதில் சொன்னால், அந்தக் கூற்று வேறொன்றைத் தாங்குகிறது, அது உச்சியில் இல்லை. முதன்மை முடிவு என்பது "ஏன்?" என்பதற்குப் பத்திக்குள் பதில் உள்ளதும், "அதனால் என்ன?" என்பதற்குப் பதில் இல்லாததுமான கூற்று.

பஜ்ஜிப் பத்தியில் பாருங்கள். "அச்சு மையில் வேதிப்பொருட்கள் இருக்கின்றன." ஏன்? பத்தியில் பதில் இல்லை. அதனால் என்ன? அதனால் இலையில் கொடுப்பதுதான் சரி. ஆக அது ஆதாரம். "வாழையிலையிலோ தட்டிலோ கொடுப்பதுதான் சரி." ஏன்? மையும் எண்ணெயும் காரணம். அதனால் என்ன? பத்தியில் பதில் இல்லை. அங்கேயே நிற்கலாம்.

இரண்டு கூற்றுகளுக்கு நடுவில் எது முடிவு என்று குழம்பினால், 'ஆகவே'யை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் வாசித்துப் பாருங்கள். "மை பண்டத்தில் இறங்கிவிடும், ஆகவே இலையில் கொடுக்க வேண்டும்" என்பது காதுக்குச் சரியாக இருக்கிறது. "இலையில் கொடுக்க வேண்டும், ஆகவே மை பண்டத்தில் இறங்கிவிடும்" என்பது அபத்தமாக இருக்கிறது. காது சொல்வதை நம்பலாம். மொழியில் பிறந்தவனுக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக மட்டும் பழக வேண்டும்.

படி 5: இடைமுடிவில் ஏமாறாதீர்கள்

இதற்கு ஒரு உண்மையான வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1854இல் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ திரட்டிய ஆதாரங்களை என் சொற்களில் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

(1) ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெருப் பம்பைச் சுற்றி, காலரா வெடித்தது. (2) கெட்ட காற்றுதான் காரணம் என்று மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். (3) ஆனால் பிராட் தெருவிலேயே உள்ள மது வடிப்பாலையில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள், ஒருவருக்கும் கடுமையான காலரா வரவில்லை, அவர்கள் தெருப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. (4) பக்கத்து ஏழைகள் விடுதியில் 535 பேர் இருக்கிறார்கள், அங்கே சொந்தக் கிணறு உண்டு, இறந்தவர்கள் 5 பேர்தான். (5) தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, இந்தப் பம்புத் தண்ணீரின் ருசிக்காகவே அதை வரவழைத்துக் குடித்தார், காலராவில் இறந்தார். (6) ஆகவே இங்கே நோய் பரவுவது பிராட் தெருப் பம்பின் தண்ணீரால்தான். (7) பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும்.

'ஆகவே' ஆறாவதில் இருக்கிறது. அடையாளச் சொல்லை மட்டும் நம்புகிறவர் அங்கேயே நின்றுவிடுவார். கேள்வி கேட்டுப் பாருங்கள். பம்புத் தண்ணீரால்தான் பரவுகிறது என்பது ஏன்? மூன்று, நான்கு, ஐந்து பதில் சொல்கின்றன. அதனால் என்ன? அதனால் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். பதில் இருக்கிறது, ஆகவே ஆறாவது இடைமுடிவு. ஏழாவதற்கு அடையாளச் சொல்லே இல்லை, ஆனால் அதுதான் முதன்மை முடிவு. செப்டம்பர் 8 அன்று அந்தக் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே மறைக்காமல் எழுதியிருக்கிறார், அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்னும் ஒன்று உண்டு, அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஸ்னோ 1855இல் வெளியிட்ட நூலில் இதே பம்புக் கதை வருகிறது. அங்கே அவர் கைப்பிடிக்காக வாதாடவில்லை. காலரா பொதுவாகவே தண்ணீர் வழியாகப் பரவக்கூடிய நோய் என்று நிறுவப் பார்க்கிறார். அங்கே பிராட் தெருப் பம்பு பல ஆதாரங்களில் ஒன்று, அவ்வளவுதான். அதே கூற்று ஓரிடத்தில் ஆதாரம், ஓரிடத்தில் இடைமுடிவு. மேலே உள்ள பத்தியை ஆறாவதோடு நிறுத்தியிருந்தால் அதுவே முதன்மை முடிவு ஆகியிருக்கும். ஒரு வாக்கியத்தின் முகத்தில் 'நான்தான் முடிவு' என்று எழுதியிருக்காது. சுற்றியுள்ள வாக்கியங்களோடு அதற்கு என்ன உறவு என்பதே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

படி 6: 'வேண்டும்' என்பதை மட்டும் துரத்தாதீர்கள்

கைப்பிடியைக் கழற்ற வேண்டும், இலையில் கொடுக்க வேண்டும் என்று தொடர்ந்து பார்த்தால், எல்லா முடிவும் 'வேண்டும்' என்றுதான் இருக்கும் என்ற நினைப்பு வந்துவிடும். இல்லை. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் சொன்ன காரணங்கள்: சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழும் நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது. எகிப்திலும் சைப்ரஸிலும் தெரிகிற சில விண்மீன்கள் வடக்கே போனால் தெரிவதில்லை. இங்கே யாரும் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. பூமி உருண்டை என்ற செய்தியே முடிவு.

படி 7: யார் குரல் என்று பிரியுங்கள்

நல்ல வாதம் எழுதுகிறவர் எதிர்த்தரப்பையும் பேச விடுவார். "பலர் நினைக்கிறார்கள்", "சிலர் சொல்வதுபோல" என்று வந்தால் அது இன்னொருவரின் முடிவு. "உண்மைதான்", "ஒப்புக்கொள்கிறேன்" என்று வந்தால் அது விட்டுக்கொடுத்தல். எதிராளியின் ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டு, அதையும் மீறித் தன் முடிவு நிற்கிறது என்று காட்டுகிறார். பஜ்ஜிப் பத்தியின் இரண்டாவது வாக்கியம் அப்படிப்பட்டது. அது எழுதியவர் நம்புகிற கூற்றுதான், ஆனாலும் அவருடைய முடிவுக்கு உதவுகிற கூற்று அல்ல.

சில பத்திகளில் முதன்மை முடிவு இரண்டே சொல்லில் வரும்: "அது தவறு." அப்படி வந்தால் அந்த 'அது' எதைக் குறிக்கிறது என்று தேடி, விரித்து எழுதிக்கொள்ள வேண்டும். விரிக்கும்போதுதான் அடுத்த ஆபத்து வருகிறது.

படி 8: அளவைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்

ஒரு சின்னப் பத்தி: எங்கள் தெருவில் வேகத்தடை போட்டால் விபத்து நின்றுவிடும் என்கிறார்கள். விபத்துகள் பெரும்பாலும் நடப்பது இரவில், தெருவிளக்கு எரியாத வளைவில். ஆகவே அந்த எண்ணம் தவறு.

இதன் முதன்மை முடிவு என்ன? வேகத்தடை தேவையில்லை என்று பல பேர் எழுதுவார்கள். பத்தி அப்படிச் சொல்லவில்லை. வேகத்தடை போட்டாலே விபத்து நின்றுவிடாது என்று மட்டும் சொல்கிறது. 'போதாது' என்பதும் 'தேவையில்லை' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். ஒரு கருத்தை மறுப்பது அதற்கு நேர் எதிர்க் கருத்தை ஏற்பது ஆகாது. சில, பெரும்பாலும், மட்டும், கூடும், நிச்சயம் போன்ற சின்னச் சொற்கள்தான் முடிவின் அளவைச் சொல்கின்றன. வீட்டுச் சண்டைகளில்கூடப் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒருவர் 'கொஞ்சம் தாமதமாக வருகிறாய்' என்கிறார், இன்னொருவர் காதில் 'எப்போதும் தாமதம்தான்' என்று விழுகிறது.

அதனால் விடைகளைப் பார்க்கும் முன்பே, முடிவை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள். அளவுச் சொற்களை மட்டும் பத்தியில் உள்ளபடியே வையுங்கள்.

படி 9: விடைகளைத் தேர்ந்தெடுப்பது

தவறான விடைகள் ஏனோதானோ என்று எழுதப்படுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறைச் செய்கிறவருக்காக வைக்கப்படுகிறது. ஸ்னோ பத்திக்கு இப்படி வரலாம். கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களில் சிலரே இறந்தார்கள் என்பது பத்தியில் உள்ளதுதான், ஆனால் ஆதாரம். நோய் பம்புத் தண்ணீரால் பரவுகிறது என்பது இடைமுடிவு, இதில்தான் அதிகம் பேர் விழுவார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்பது எதிர்த்தரப்பின் முடிவு. லண்டனின் எல்லாப் பம்புகளையும் மூட வேண்டும் என்பது அளவு மீறியது. குடிநீரைக் கொதிக்க வைத்தால் காலராவைத் தடுக்கலாம் என்பது நல்ல யோசனை, ஆனால் பத்தியில் எங்கும் இல்லை. நல்ல யோசனையாக இருப்பதாலேயே கை அதை நோக்கிப் போகும்.

கேள்வியின் சொற்களையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முதன்மை முடிவு என்ன என்று கேட்டால், எழுதியவர் ஏற்கெனவே சொன்னதைக் கேட்கிறார்கள். பத்தியிலிருந்து என்ன ஊகிக்கலாம் என்றால், அவர் சொல்லாத அடுத்த படியைக் கேட்கிறார்கள். எழுதியவர் எதை நம்பித் தொடங்குகிறார் என்றால், சொல்லப்படாத ஆதாரத்தைக் கேட்கிறார்கள். சிசாட்டில் இந்த மூன்று வகையும் ஒன்றோடொன்று கலந்து வரும். பத்தி சரியாகப் புரிந்தும் விடை தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முடிவு எழுத்தில் இல்லாதபோது

"மணி பத்தாகிறது, காலையில் ஆறு மணிக்கு பஸ்" என்று அம்மா சொன்னால், போய்த் தூங்கு என்ற முடிவை அவர் சொல்லவே தேவையில்லை. எல்சாட்டின் முதன்மை முடிவுக் கேள்விகளில் முடிவு பத்திக்குள்ளேயே இருக்கும். வாழ்க்கையில் பல நேரம் இருக்காது. அப்போது எல்லா ஆதாரங்களிடமும் "அதனால் என்ன?" என்று கேட்டு, அவை எல்லாம் சேர்ந்து சுட்டும் ஒரே பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழில் முடிவு கேள்வி வடிவத்திலும் வரும், அதுவும் மேடைப் பேச்சில் மிகுதி. "இந்தத் தண்ணீரை யாராவது குடிப்பார்களா?" என்பது பதில் கேட்கிற கேள்வி இல்லை. இந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்ற கூற்று. இத்தகைய கேள்விகளைக் கூற்றாக மாற்றி எழுதிய பிறகே எண் போடுங்கள்.

ஒரு பயிற்சி

விடையைப் பார்க்கும் முன் நீங்களே ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

(1) தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். (2) நம் குடியிருப்பிலும் அதற்கான குழி இருக்கிறது, ஆனால் கட்டிய நாளிலிருந்து அதன் மணலையும் சரளையையும் ஒருமுறைகூட மாற்றவில்லை. (3) ஆகவே மழைத் தண்ணீர் இப்போது நிலத்துக்குள் இறங்குவதே இல்லை. (4) இன்னொரு ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். (5) இறங்காத தண்ணீரை எத்தனை கிணறு போட்டு எடுக்க முடியும்? (6) புதுக் கிணற்றுக்குப் பணம் திரட்டும் முன், பழைய குழியை இப்போதே சரிசெய்ய வேண்டும். (7) ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

முதலாவது பின்னணி. இரண்டாவது ஆதாரம். மூன்றாவதற்கு 'ஆகவே' இருந்தாலும், அதனால் என்ன என்று கேட்டால் ஐந்தாவதும் ஆறாவதும் பதில் சொல்கின்றன, எனவே அது இடைமுடிவு. நான்காவது வேறொருவர் குரல். ஐந்தாவது கேள்விபோலத் தெரியும் கூற்று: எத்தனை கிணறு போட்டாலும் தண்ணீர் கிடைக்காது. அது நான்காவதை மறுத்து ஆறாவதைத் தாங்குகிறது. ஏழாவது, ஆறாவதில் உள்ள 'இப்போதே' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் காரணம் தருகிறது. முதன்மை முடிவு ஆறாவது.

"புதுக் கிணறு போடவே கூடாது" என்று எழுதியிருந்தால் எட்டாவது படியை மறுபடி பாருங்கள். பத்தி சொல்வது எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை மட்டுமே. குழியைச் சரிசெய்த பிறகு கிணறு போடலாமா கூடாதா என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

தினமும் பழக ஒரு செய்தித்தாளின் தலையங்கம் போதும். ஒரு பத்தியை எடுத்து, முடிவை ஒரே வரியில் எழுதுங்கள். நண்பர் ஒருவரையும் அதே பத்திக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரிகளும் ஒத்துப்போகாத நாள்தான் மிகவும் பயன் தரும். யார் சொல்வது சரி என்று விவாதிக்கத் தொடங்காமல், இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்து நடுவில் 'ஆகவே' போட்டு இரு பக்கமும் வாசியுங்கள். பெரும்பாலும் ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதற்கு இடைமுடிவாக இருக்கும். முதல் சில வாரங்களுக்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். சிசாட்டில் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் எண் போட்டு, இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பழகிய பிள்ளைகள் சில வாரங்களில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாலேயே அதைச் செய்யத் தொடங்குவதை எங்கள் நூலக மேசையில் பார்த்திருக்கிறேன்.